இரும்பு படாத வேலி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால், "அது எங்கள் ஊர்தான், எங்கள் ராஜாவை நீர் எப்படிக் கேலி பேசலாம்?" என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார். ராஜாவின் பெயரை மட்டும் சொல்கிறேன். உத்தமராயர். பெயருக்கேற்ற நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. அந்த நாட்டுக்கு வந்த கஷ்டமும் அப்படி வந்ததுதான்.

அரண்மனையின் மேற்குப் பக்கம் ஒரு நீண்ட வேலி ஓடியது. வேலியை ஒட்டிக் கரை செங்குத்தாக இறங்கும். கீழே ஒரு பெரிய வாய்க்கால். மலையில் பெய்கிற மழையெல்லாம் அந்த வாய்க்கால் வழியாகத்தான் ஏரிக்குப் போயாக வேண்டும். வாய்க்காலின் மறுகரை கொஞ்சம் தாழ்வு. அந்தத் தாழ்வில் குயவர் தெரு இருந்தது. மண்ணும் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைப்பதால் பல தலைமுறையாக அங்கேயே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேலியை வைத்தவர் ராணி பூங்கோதை. கல்யாணமாகி வந்த புதிதில், குச்சி குச்சியாக ஊன்றித் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி வளர்த்த மருதாணி வேலி அது. ஆடி பிறந்தால் மேற்கு வாசலைத் திறந்துவிடச் சொல்வார். ஊர்ப் பெண்களெல்லாம் வந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே மடி நிறைய ஒடித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் ஒடித்து முடித்ததும் தோட்டக்காரர்கள் அரிவாளோடு வந்து வேலியை ஒரே உயரத்துக்குக் கழித்துவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது குப்பென்று தழைத்துப் பூத்து நிற்கும். மருதாணிப் பூவின் வாசம் தெரியுமல்லவா? அரண்மனையில் படுத்திருப்பவருக்கும் அடிக்கும், குயவர் தெருவில் சூளை போடுகிறவருக்கும் அடிக்கும்.

ஒரு விஷக்காய்ச்சலில் ராணி போய்ச் சேர்ந்தார். ராயர் பல நாள் சபைக்கே வரவில்லை. வந்த அன்று அவர் போட்ட முதல் கட்டளை இது: "என் பூங்கோதை கைப்பட வைத்த செடியில் இனி இரும்பு படக்கூடாது. ஒருவரும் அதில் ஒரு இலை ஒடிக்கக்கூடாது." மேற்கு வாசலுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. துக்கத்தில் சொல்கிறார், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வருடங்கள் போயின. காக்கை எச்சமிட்டு இலந்தை முளைத்தது. சூரைமுள்ளும் காரைமுள்ளும் வந்து சேர்ந்தன. அவற்றின்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறிப் பந்தல் போட்டன. மேலே இடம் போதாமல் எல்லாம் கரையில் சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கின. வந்த வண்டலை முள் பிடித்து வைத்தது. வண்டலில் மேலும் முள் முளைத்தது. கடைசியில், வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு பச்சைக் குன்றுதான் தெரிந்தது.

போன ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வழியில்லாத தண்ணீர் மறுகரையை உடைத்துக்கொண்டு குயவர் தெருவுக்குள் புகுந்தது. காய வைத்திருந்த பானைகள் கரைந்தன, சுவர்கள் கரைந்தன. வேம்பாயி என்ற குயவப்பெண்ணின் மகன் சொரிமுத்து, அப்போதுதான் நடக்கப் பழகிய பிள்ளை, தண்ணீரோடு போய்விட்டான். ராயர் மனம் கலங்கி அரிசியும் துணியும் அனுப்பினார். "ஏன் இப்படி ஆயிற்று?" என்று சபையில் கேட்டார். "தெய்வச் செயல், மகாராஜா" என்றார்கள். வேலி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட சபை அது.

இந்த வருடம் புரட்டாசி பிறந்து மேற்கே மேகம் கட்டத் தொடங்கியதும் குயவர் தெருவே அரண்மனைக்கு வந்துவிட்டது. வேம்பாயிதான் முன்னால் நின்றாள்.

"சாமி, மழ வரப்போவுது. வாய்க்கா அடச்சுக் கெடக்கு. போன தடவ எம்புள்ளயக் குடுத்தேன். இந்தத் தடவ குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மத்தவங்க வீட்ல இருக்கு. அதுக்காவத்தான் வந்தேன்."

ராயர் அரியணையை விட்டு எழுந்தே விட்டார். வாய்க்கால் அடைத்ததுதான் காரணம் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. "உடனே வேலியையும் வாய்க்காலையும் சுத்தம் செய்யுங்கள்!" என்றார். சொன்ன வேகத்திலேயே அவர் முகம் மாறியது. "ஆனால் இரும்பு படக்கூடாது. தீ வைக்கக் கூடாது. உள்ளே அவள் செடி இருக்கிறது. அது நோகாமல் முள்ளை மட்டும் எடுக்கத் தகுந்த கருவியை யார் தேர்ந்தெடுக்கிறாரோ அவருக்கு ஒரு கிராமம் மானியம்."

அரிவாள் இல்லாமல் முள் வெட்ட வேண்டும், மண்வெட்டி இல்லாமல் வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும். ஆட்டை விட்டு மேய்க்கலாமே என்று ஆஸ்தானப் புலவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ஆடு மருதாணியை மட்டும் விட்டுவைக்குமா?" என்று ராயர் கேட்டதும் புலவர் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் எழுந்தவர் தளபதி சூரப்பன். "யானைக்குத் தும்பிக்கை இருக்கும்போது இரும்பு எதற்கு?" என்று மீசையைத் தடவினார். மேற்கு வாசல் பூட்டியிருந்ததால் அரண்மனையைச் சுற்றிக்கொண்டு பட்டத்து யானையே வந்தது. மேலே நின்று இரண்டு கொடியை இழுத்துப் போட்டது, எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு வேலி முடிகிற இடத்தில் அதைக் கரையில் இறக்கினார்கள். யானை ஒரு காலை வைத்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. காலை எடுத்துக்கொண்டது. பாகன் அதட்டினான், கெஞ்சினான், மறுபடி அதட்டினான். யானை அடுத்த காலை வைக்க, கரையே சரிய, அவ்வளவு பெரிய உடம்பும் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போய்ச் சேற்றில் விழுந்தது. விழுந்த இடம் குளுமையாக இருந்தது போலும், அது எழுந்திருக்கவே இல்லை. சேற்றை வாரி வாரி முதுகில் போட்டுக்கொண்டு சுகமாகக் கிடந்தது. அதைக் கரையேற்றுவதற்குள் வாய்க்கால் முன்னைவிட மோசமாக அடைந்துவிட்டது.

அடுத்து பண்டகசாலை அதிகாரி ஏகாம்பரம். அவர் மூளைக்காரர். "இரும்புதானே கூடாது? தங்கம் கூடுமே!" என்று கருவூலத்திலிருந்து பொன்னை எடுத்து உருக்கி அரிவாள் அடித்தார். மேளதாளத்தோடு அதைக் கொண்டுவந்து சூரைமுள்ளின் தூரில் ஒரு வெட்டு வெட்டச் செய்தார்கள். முள் அசையவில்லை. அரிவாள்தான் வாழைமட்டை மாதிரி மடங்கிப்போயிற்று. மடங்கிய அரிவாள் மீண்டும் கருவூலத்துக்குப் போனபோது எடை குறைந்திருந்ததாகவும் ஒரு பேச்சு. நமக்கு எதற்கு அந்த வம்பு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் செவந்தியப்பன். அரண்மனை விகடன். ராயரைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். ராணி போன பிறகு அந்த உத்தியோகத்தில் வேலையே இல்லை. அவன் தளபதியிடம் போய், "ஐயா, வாய்க்காலைச் சுத்தம் செய்ய யானையை அனுப்பினீர்களா, யானையைக் குளிப்பாட்ட வாய்க்காலுக்கு அனுப்பினீர்களா?" என்று கேட்டான். ஏகாம்பரத்திடம், "முள்ளுக்கு நகை போட்டுப் பார்த்த முதல் ஆள் தாங்கள்தான்" என்றான். சபையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

வேறு வினை வேண்டுமா? இருவரும் ராயரிடம் போனார்கள்.

"மகாராஜா, எல்லாரையும் பரிகாசம் செய்யத் தெரிந்தவனுக்கு வேலையும் தெரிந்திருக்கும் அல்லவா? அவனே கருவியைத் தேர்ந்தெடுக்கட்டும்" என்றார் ஏகாம்பரம்.

"ஒரே ஒரு கருவி" என்றார் தளபதி. "இதற்கு ஒன்று அதற்கு ஒன்று என்று சாக்குச் சொல்லக்கூடாது. முள்ளையும் அதுதான் எடுக்க வேண்டும், வாய்க்காலையும் அதுதான் தூர்க்க... தூர் எடுக்க வேண்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

வேலை நடக்காத எரிச்சலில் இருந்த ராயரும், "சரி" என்று சொல்லிவிட்டார். செவந்தியப்பனைக் கூப்பிட்டு, "இந்த அரண்மனைக்குள் இருப்பதில் எதை வேண்டுமானாலும் நீ எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று. மறுக்க மாட்டேன், இது என் வாக்கு. நாளைக்குச் சபையில் சொல்" என்றார்.

அன்று பிற்பகல் செவந்தியப்பன் வாய்க்காலின் மறுகரைக்குப் போய் நின்று வேலியைப் பார்த்தான். அங்கே வேம்பாயி மண் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன விகடரே, நாட்ட விட்டுப் போவப் போறீராமே?"

"போனால் உனக்குச் சந்தோஷமா?"

"எனக்கென்ன வந்துது. நீரு போனாலும் முள்ளு போவாது." மண்ணை ஓங்கி அடித்தாள். "ஆமா, ஒண்ணு கேக்கேன். அந்த மருதாணி பூத்து எம்புட்டு நாளாச்சு? முன்னல்லாம் ஆவணியில வாசத்துல தூக்கமே வராது. இப்ப ஒண்ணையும் காணோமே?"

செவந்தியப்பன் குனிந்து காலடி மண்ணைக் கிளறினான்.

"அப்ப உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"ராசாவுக்கு?"

"அவர் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார். பூ வாசம் வந்தால் தாங்காது என்று."

வேம்பாயி கையிலிருந்த மண்ணை வழித்துப் போட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். "ஊரச் சிரிக்க வைக்க மட்டுந்தான் வாயா?" என்று கேட்டாள். அவன் வீடு திரும்பும் வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது.

மறுநாள் சபை கூடியது. செவந்தியப்பன் முதலில் பண்டகசாலைக்குப் போனான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டி வைத்தான். ஏகாம்பரம் பின்னாலேயே போய் வேடிக்கை பார்த்தார். யானைக் கொட்டடியை எட்டிப் பார்த்தான். யானை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு நேரே சபைக்கு வந்து, அரியணைக்கு முன்னால் நின்று, சந்தையில் மாடு வாங்க வந்தவனைப் போல ராயரை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்ல உறுதி. இதை எடுத்துக்கொள்கிறேன்" என்றான்.

"எதை?" என்றார் ராயர்.

"தங்களைத்தான், அரசே."

சபை கொந்தளித்தது. தளபதி வாளில் கையை வைத்தார். "அடே! அரசர் என்ன கருவியா?"

"யானை கருவியாக இருக்கலாமென்று தாங்கள்தானே காட்டினீர்கள்? யானைக்கு ஆகிற வேலை அரசருக்கு ஆகாது என்கிறீர்களா? சபையறியச் சொல்லுங்கள், நான் வேறு எடுத்துக்கொள்கிறேன்."

தளபதி வாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அரண்மனைக்குள் இருப்பதில் எதை வேண்டுமானாலும் என்று அரசர் வாக்குக் கொடுத்தார்" என்றான் செவந்தியப்பன். "அரசர் அரண்மனைக்குள்தான் இருக்கிறார். ஒன்றுதான் எடுத்திருக்கிறேன்."

ராயரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வாக்கு வாக்குதான். நான் உன் கருவி. என்ன செய்ய வேண்டும்?"

"கருவி கேள்வி கேட்காது, அரசே. வைத்த இடத்தில் வேலை செய்யும். உடைவாளையும் குறுவாளையும் மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், இரும்பு ஆகாது. தங்கம் இருக்கட்டும். அது ஒன்றையும் வெட்டாது என்று ஏகாம்பரனார் சோதித்துவிட்டார்."

ஊரே பின்னால் வர, இருவரும் மேற்கு வாசலுக்கு நடந்தார்கள். துருப்பிடித்த பூட்டை உடைத்துத் திறந்தார்கள். எதிரே ஆள் உயரத்துக்கு மேல் பச்சைச் சுவராக வேலி நின்றது. மறுகரையில் குயவர் தெருச் சனம் கூடிவிட்டது.

அங்கே வந்ததும் செவந்தியப்பனின் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. இந்த இடத்தில் திரும்பிவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. ராயரை அவனுக்குப் பிடிக்கும். அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான், அதைப் பிடுங்கத்தான் தான் வந்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். மேற்கே இடி உறுமியது.

"அரசே, இந்த முள்ளுக்குள் ராணியார் வைத்த மருதாணி இருக்கிறது. எனக்கு அதிலிருந்து ஒரு இலை வேண்டும். ஒரே ஒரு பச்சை இலை. அதைத் தாங்கள் கொண்டுவந்துவிட்டால் நான் இப்படியே நாட்டை விட்டுப் போகிறேன். இந்த வேலியை என்றைக்கும் ஒருவரும் தொட மாட்டார்கள்."

"இலையை ஒடிக்கக்கூடாது என்பது என் கட்டளை."

"வேலியை வைத்தவரின் கணவருக்கு அந்த உரிமை இல்லையா?"

ராயர் குனிந்து உள்ளே நுழைந்தார்.

காவலர்கள் முள்ளை விலக்க ஓடினார்கள். "ஒரே கருவி" என்று செவந்தியப்பன் கையைக் குறுக்கே நீட்டினான். உள்ளே துணி கிழியும் சத்தம் கேட்டது. கிளை முறிந்தது. ஒரு காடை அலறிப் பறந்தது. "பூங்கோதை" என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டது. அதைக் கேட்டவர்கள் கேட்காதது போல் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. தளபதியே பயந்துபோய் வேலியருகே வந்துவிட்டார்.

திடீரென்று வேலி முடிகிற இடத்தில், வாய்க்கால் பக்கத்துக் கொடிகள் அதிர்ந்தன. எல்லாரும் அங்கே ஓடினார்கள். ராயர் வெளியே வந்தார். வந்த வேகத்தில் கரை வழுக்கி, யானை போன வழியிலேயே சறுக்கிக்கொண்டு போய் இடுப்பளவு சேற்றில் நின்றார். தலைப்பாகை முள்ளோடு போய்விட்டது. முகத்திலும் கையிலும் ரத்தக் கீறல். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் கையில் ஒரு குச்சி இருந்தது.

அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். படக்கென்று ஒடிந்தது. உள்ளே பச்சையே இல்லை.

"எல்லாம் இப்படித்தான் இருக்கிறது" என்றார். "வரிசையாகத் தடவிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை." பிறகு தலையை உயர்த்தி, "எப்போது?" என்று கேட்டார்.

"போன வருடமே பூக்கவில்லை, அரசே. கொடி மூடி வெயில் இல்லாமல் போயிற்று. வருடா வருடம் ஒடித்துக் கழித்தால்தான் அது தழைக்கும். அதனால்தான் ராணியார் ஆடிதோறும் வாசலைத் திறந்துவிட்டார்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

மேலே நின்ற அமைச்சர்கள், அதிகாரிகள், புலவர், தோட்டக்காரர்கள் எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். அத்தனை பேருக்கும் மூக்கு இருந்தது. வாசம் நின்றது அத்தனை பேருக்கும் தெரிந்தது.

"உனக்கு?"

"தெரியும்" என்றான் செவந்தியப்பன்.

"ஏன் சொல்லவில்லை?"

"தாங்கள் மறுபடி அழுவீர்கள் என்று."

மறுகரையிலிருந்து வேம்பாயி கேட்டாள்: "ஏன் சாமி, நாங்க அழுதாப் பரவால்லையா?"

அவள் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. செவந்தியப்பனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ராயர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பூங்கோதையின் நினைவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் வைத்ததைத் தன் வாயாலேயே கொன்றுவிட்டோமே, அதற்கு ஒரு குழந்தையையும் கொடுத்தோமே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. மழைத்துளி ஒன்று அவர் நெற்றியில் விழுந்தது.

"அரிவாள் கொண்டுவாருங்கள்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயம்.

"அரிவாள்! மண்வெட்டி! இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்! என் கட்டளையை நானே எடுத்துவிட்டேன்!"

அப்போதும் ஏகாம்பரம் விடவில்லை. "மகாராஜா, ஒரே கருவி என்பதல்லவா நிபந்தனை? இவன் இப்போது..."

"நான் ஒன்றைத்தான் எடுத்தேன்" என்றான் செவந்தியப்பன். "இத்தனை வருடம் வேலியைக் காத்து நின்றது அரசருடைய வார்த்தை. அதை வெட்டுகிற கருவி இந்த நாட்டில் ஒன்றுதான் இருக்கிறது. வெட்டியாயிற்று. இனி முள் வெட்டுவது யாருக்கும் முடிகிற காரியம். தங்களுக்குக்கூட."

ராயர் நிமிர்ந்து பார்த்தார். "ஏகாம்பரம், இறங்கும். தளபதியையும் கூட்டிக்கொண்டு வாரும்."

அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லாமல் வேலை நடந்தது. குயவர்கள் தங்கள் கருவிகளோடு வந்தார்கள், உழவர்களும் வந்தார்கள். கவைக்கம்பால் முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து தூரில் வெட்டரிவாளைப் போட்டார்கள். உயரத்துக் கொடியைத் தொரட்டியால் மாட்டி இழுத்தார்கள். செங்குத்துக் கரையில் கால் நிற்காத இடத்தில், மேலே இருந்த புளியமரத்தில் வடத்தைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தொங்கியபடியே வெட்டினார்கள். யானைகூட வந்தது; இந்தத் தடவை அதைச் சமதரையிலேயே நிறுத்தி, வெட்டிய முள்குவியலை இழுக்க மட்டும் விட்டார்கள். அது நல்ல பிள்ளையாக இழுத்தது. தளபதி வடம் பிடித்தார். ஏகாம்பரம் காலில் முள் குத்தும்போதெல்லாம் தெய்வங்களின் பெயரைச் சொன்னார்.

ராயர் மேலே வரவில்லை. "கருவியை நீ இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையே" என்று செவந்தியப்பனிடம் சொல்லிவிட்டு, வண்டல் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டார். செத்த மருதாணிக் கட்டைகளை மட்டும் மற்ற முள்ளோடு போட விடவில்லை. அவற்றைத் தனியே அடுக்கச் சொல்லி, தன் கையாலேயே தீ வைத்தார். அந்தப் புகை அடங்கும் வரை நின்றார். செவந்தியப்பன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

வாய்க்காலின் அடிமண் தெரிந்த இரண்டொரு நாளில் மழை பிடித்தது. போன வருடத்துக்குக் குறைவில்லாத மழை. ஊரே கரையில் வந்து நின்றது. மலைப்பக்கமிருந்து செந்தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. குயவர் தெருவுக்கு நேராக வந்ததும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் ஒரு கணம் ததும்பியது. பிறகு வளைவில் திரும்பி, வாய்க்காலோடு வாய்க்காலாக ஏரியைப் பார்த்து ஓடியது. தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. கொட்டகையில் காய்ந்த பானைகள் அப்படியே இருந்தன.

சனங்கள் ஆரவாரம் செய்தார்கள். மழையில் நனைந்தபடியே ராயர் சிரித்தார். ராணி போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "என்னையே எடுத்து என் வார்த்தையையே வெட்டிவிட்டாயே, பாவி!" என்று செவந்தியப்பன் முதுகில் தட்டினார். சொன்னபடி கிராமத்தை அவனுக்கே மானியமாக அறிவித்தார். தன் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். தளபதியும் ஏகாம்பரமும்கூட வேறு வழியில்லாமல் கைதட்டினார்கள்.

பிறகு ராயர் கூட்டத்தில் வேம்பாயியைப் பார்த்துவிட்டு அவளிடம் போனார். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இனிப் பயமில்லை. பார்த்தாயா, எப்படி ஓடுகிறது!" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

"பாத்தேன், சாமி" என்றாள். பிறகு, கோபமும் இல்லாமல் குத்தலும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்:

"இம்புட்டுத்தானா வேல?"

ராயரின் சிரிப்பு நின்றது. அவர் செவந்தியப்பனைத் திரும்பிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன் அவன்தானே. அவன் தலையைக் குனிந்துகொண்டு, போர்த்திய சால்வையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.